எங்கிட்டு வச்சீங்க

"கேட்டா என்னங்குறேன்? வாயி தேஞ்சா போயிரும்?"

அக்கா அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓர்ப்படியாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்றே, "என்னைய அக்கான்னு கூப்புடுறியா தங்கச்சி? எனக்குத் தங்கச்சி இல்ல" என்று கேட்டுவிட்டாள். அப்படியும் ஒருத்தி கேட்பாளா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் கீரனூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் பெண்கள் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்குக் கூட வெயிலைப் பற்றிப் பேசித்தான் தொடங்குவோம்.

அக்காவுக்கு அந்தச் சுற்றி வளைக்கிற வேலையெல்லாம் தெரியாது. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகிற பஸ்கள் எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் நிற்பதில்லை. ஒருநாள் நானும் அவளும் துணி எடுத்துவிட்டு வருகிறோம். டிக்கெட் கேட்டதும் கண்டக்டர், "அங்க ஸ்டாப் இல்லம்மா" என்றார்.

"ஸ்டாப் இல்லன்னுதாண்ணே கேக்குறேன். இருந்தா நான் எதுக்குக் கேக்கப் போறேன்?"

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்துவிட்டார். விலக்கு வந்ததும் விசில் ஊதினார். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஏறினால், கேட்காமலேயே நிற்கும்.

ரேஷன் கடையில் பருப்பு முடிந்துவிட்டது என்றால் மற்றவர்கள் பையை மடித்துக்கொண்டு திரும்புவார்கள். அக்கா மட்டும், "உள்ளாற அந்த மூடையில என்னண்ணே இருக்கு?" என்று கேட்பாள். நான் மாசமாக இருந்தபோது என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவளும் அவள்தான். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த ஒவ்வொரு மாத்திரைக்கும், "இது எதுக்குங்க டாக்டர், இது எதுக்குங்க?" என்று கேட்டாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நீங்கதான் மாசமா இருக்கீங்களா?" என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா, "நான் இருந்தப்ப இதெல்லாம் கேக்கணும்னு தெரியல தங்கச்சி" என்றாள்.

நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது அது. அக்காவுக்கு மாசம் நிறைவதற்கு முன்பே வலி கண்டுவிட்டது. அவள் வீட்டுக்காரர், எனக்குப் பெரிய மச்சான், அப்போது துபாயில் டிரைவர். அத்தையும் மாமாவும், அதாவது எங்கள் மாமியார் மாமனார், அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். பெண் குழந்தை பிறந்தது. கையளவு இருந்ததாம். அக்கா ரத்தம் நிற்காமல் நினைவு தப்பிக் கிடந்தாள். அவள் கிடந்த அந்த ஒரு பகல்தான் குழந்தையும் உயிரோடு இருந்தது.

அக்கா கண் விழித்தபோது பக்கத்தில் தொட்டில் காலியாக இருந்தது. குழந்தையை மாமா துண்டில் சுற்றி ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். குழி வெட்ட ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கண்மாய்க் கரையில் எங்கோ ஓரிடத்தில் புதைத்துவிட்டு வந்தார். பெற்றவள் முகம் பார்க்கக் கூடாது, இடமும் தெரியக் கூடாது, தெரிந்தால் அங்கேயே போய்க் கிடப்பாள், அடுத்தது தங்காது என்பது எங்கள் வீட்டு வழக்கம். குழி வெட்டிய பெரியவர் அந்தத் தை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். பிறகு இடம் தெரிந்தவர் மாமா ஒருவர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஆட்டோவை விட்டு இறங்கிய அக்கா, வாசலில் நின்ற மாமாவிடம் முதலில் கேட்டது இதைத்தான்.

"எங்கிட்டு வச்சீங்க மாமா?"

மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாராம்.

அடுத்தது தங்கவும் இல்லை. இடத்தைச் சொல்லாததனால் ஒரு நன்மையும் நடக்கவில்லை என்று அக்கா சொல்லிக் காட்டுவாள்.

குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்கள் அத்தையும் மாமாவும் மட்டுமே. மாமாவிடம் இடத்தைக் கேட்பாள், அத்தையிடம் முகத்தைக் கேட்பாள். அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது எதிரில் போய்க் குத்தவைத்து, "எப்புடி இருந்துச்சு அயித்த?" என்பாள். அத்தை தலை நிமிராமல், "பச்ச மண்ணு. என்னத்தச் சொல்றது?" என்று முடித்துவிடுவார். ஒருநாள், என்ன நினைத்தாரோ, அரிசியைக் கொட்டிவிட்டு எழுந்திருக்கும்போது சொன்னார்: "காது ஒன்னைய மாதிரி. மடல் ஒட்டியிருந்துச்சு."

அக்கா உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தேன். பீரோக் கண்ணாடி முன்னால் முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துத் தன் காதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தோடு இரண்டையும் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். பிறந்த குழந்தைக்குத் தோடு ஏது என்று நினைத்திருப்பாள். நான் சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். அன்று முதல் அவள் காதில் ஒன்றும் போட்டுக்கொண்டதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் படைப்பு நடக்கும். குடும்பத்தில் இறந்துபோனவர்களுக்கு வருஷம் ஒருமுறை இலை போட்டு, சோறு கறி படைத்து, ஒவ்வொருவருக்கும் புதுத்துணி வைத்துக் கும்பிடுவோம். சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிற பங்காளிகள் எல்லோரும் வந்துவிடுவார்கள். மாமாவுடைய அப்பாவுக்கு வேட்டி, அம்மாவுக்குக் கண்டாங்கிச் சேலை, கல்யாணமாகாமல் காய்ச்சலில் இறந்துபோன மாமாவின் தங்கைக்குப் பாவாடை தாவணி. அந்தத் தங்கைக்கு வைக்கிற இலைதான் முதல் இலை. அவளுக்குப் பிடிக்கும் என்று பனங்கிழங்கு எங்கிருந்தாவது வாங்கி வந்து வைப்பார் மாமா. அந்த இலையைக் கும்பிடும்போது அவர் வாய் கோணும். அழமாட்டார், ஆனால் வாய் கோணும்.

நான் வந்த முதல் வருஷம், என்னை இலை கழுவச் சொன்னார்கள். அக்கா பக்கத்தில் வந்து, "ஒரு சின்ன எலை சேத்துக் கழுவுறியா தங்கச்சி?" என்றாள். புதுப்பெண்தானே, எதற்கு என்று கேட்கத் தெரியவில்லை. கழுவிக் கொடுத்தேன். எல்லோரும் கூடியிருக்கும்போது அக்கா அந்தச் சின்ன இலையை மாமாவின் தங்கை இலைக்குப் பக்கத்தில் போட்டாள். இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து ஒரு மஞ்சள் கவுனை எடுத்து இலை மேல் வைத்தாள். என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும் அது.

மாமா குனிந்து இலையை எடுத்தார். கவுனோடு சேர்த்து இரண்டாக மடித்து, பக்கத்தில் இருந்த கூடையில் வைத்தார்.

"பேரு வைக்காத புள்ளைக்குப் படைப்பு கெடையாதுத்தா" என்றார் ஒரு பங்காளி மாமா, சமாதானம் சொல்லுகிற குரலில்.

"பேரு வைக்க விட்டீங்களா? நான் வச்சிருப்பேன்ல?" அக்கா அவரைப் பார்க்கவில்லை. மாமாவைத்தான் பார்த்தாள். "ஒங்க தங்கச்சிக்கு வைக்கிறீங்கள்ல மாமா? இது ஒங்க பேத்திதான?"

"அது வாழ்ந்த புள்ள."

"இது ஒரு பகலு வாழ்ந்துச்சு. சரி, எலை வேணாம். எங்கிட்டு வச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் அங்கிட்டுப் போயி ஒரு பிடி சோத்த வச்சுட்டு வந்துர்றேன். யாருக்கும் தொந்தரவில்ல."

மாமா கற்பூரத்தைப் பற்றவைத்தார். மணியடித்தார்கள். மணிச் சத்தத்துக்குள் அக்கா இன்னொரு முறை கேட்டாள். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

ஒவ்வொரு படைப்புக்கும் இது நடக்கும். துணி வாங்குவாள், கேட்பாள், மாமா பேசமாட்டார், சோறு ஆறிப்போகும். பங்காளி வீட்டுப் பெண்கள் வரும்போதே, "இந்த வருசமும் கேப்பாளா?" என்று என்னிடம் கிசுகிசுப்பார்கள். துபாயிலிருந்து பெரிய மச்சான் வீடியோவில் சாமி கும்பிடுவார். ஒரு வருஷம் அவர் போனிலேயே, "அப்பா, சொல்லிருங்கப்பா" என்றார். மாமா போனைத் திருப்பி வைத்துவிட்டார். மாமாவைக் கல்நெஞ்சுக்காரர் என்று நான் நினைத்தேன். ஊரிலும் அப்படித்தான் பேசினார்கள்.

எனக்கு மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, அக்கா அறை வாசலிலேயே நின்றாள். அத்தை என் காதில், "அவ கையில இப்பக் குடுக்காத" என்று சொல்லிவைத்திருந்தார். அக்காவுக்கும் அது தெரியும்.

"நான் தூக்கலாமா தங்கச்சி?"

எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறாள். அதிலெல்லாம் கொஞ்சம் அதட்டல் இருக்கும். அன்று அந்தக் குரலில் அது இல்லை. இல்லை என்றால் அப்படியே போய்விடுகிற குரல். நான் குழந்தையைக் கொடுத்தேன். அவள் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஆடாமல் நின்றாள்.

"இதுல பாதி கனம் இருந்திருக்குமா?" என்றாள்.

"தெரியலக்கா."

"பாதிதான் இருக்கும்." கண்ணை மூடிக்கொண்டாள். பாதியை நினைத்துப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

என் மகளை வளர்த்தவள் அக்காதான் என்று சொன்னால் தப்பில்லை. சோறூட்டியதும் பள்ளிக்கூட வேன் ஏற்றிவிட்டதும் அவள்தான். ஆனால் ஒரு காரியம் நடந்தது. மகள் நடக்கப் பழகியிருந்த சமயம். மதியம் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அக்காவையும் காணோம், குழந்தையையும் காணோம். தெருவில் கேட்டால் கண்மாய்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். ஓடினேன். கரையில் கருவேல மரத்து நிழலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். என் மகள் கொஞ்சம் தள்ளித் தட்டுத்தடுமாறி நடந்துகொண்டிருந்தாள். அக்கா கையைத் தட்டித் தட்டி, "போ, எங்கிட்டுப் போற? போ, பாப்போம்" என்கிறாள். குழந்தை நின்ற இடத்திலெல்லாம் எழுந்துபோய் மண்ணைத் தடவிப் பார்க்கிறாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"புள்ளைக்குப் புள்ளை தெரியும்ல தங்கச்சி. எங்கயாச்சும் உக்காந்து மண்ணள்ளி வெளையாண்டா அதான் எடம்."

குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்தேன். அக்கா பின்னாலேயே வந்தாள். "கோவமா தங்கச்சி? கோவமா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அதற்குச் சில வருஷம் கழித்துக் கண்மாயைத் தூர்வாரினார்கள். ஜேசிபி வந்தது, டிராக்டர்கள் வரிசையாக நின்றன. வண்டல் மண்ணை வயலுக்கும் வீட்டு மனைக்கும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஊருக்கே கொண்டாட்டம். அக்கா விடிந்ததும் போய்க் கரையில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் நிற்கும் உள்வாயிலிருந்து கரையின் அடிக்கு இயந்திரம் வந்தபோது எழுந்து அதன் முன்னால் போய் நின்றாள். நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

"ஓரமாப் போங்கம்மா, மிசின் கை பட்டா சட்னிதான்" என்று டிரைவர் கத்தினார். நரைத்த மீசைக்காரர்.

"அள்ளுன மண்ணக் கொட்டுறதுக்கு முன்னாடி ஒருக்கா காட்டுறீங்களாண்ணே?"

"என்னம்மா, தங்கம் கிங்கம் பொதச்சிருக்கீங்களா?"

"எம் புள்ளைய வச்சிருக்காக. எங்கிட்டுன்னு தெரியல."

அவர் இன்ஜினை அணைத்தார். இறங்கி வந்து அக்காவுக்கு எதிரில் நின்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். திரும்ப ஏறிக்கொண்டார். அன்று சாயங்காலம் வரை, டிராக்டர்க்காரர்கள் திட்டத் திட்ட, ஒவ்வொரு அள்ளலையும் அக்காவின் காலடியில் மெதுவாகக் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் ஏற்றினார். அக்கா மண்ணைக் கையால் கிளறிப் பார்த்துத் தலையாட்டுவாள். கிளிஞ்சல் வந்தது, வேர் வந்தது, பழைய சேலைக் கிழிசல் ஒன்று வந்தது. அதைக் கழுவிப் பார்த்தாள். யாருடையதோ.

மாமா தூரத்தில் புளியமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை. இடம் தெரிந்தவர், இதோ இந்த இடத்தை விட்டுவிடு என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரையோரத்து மண்ணில் பாதிக்கு மேல் அந்த வாரத்திலேயே போய்விட்டது. யார் வயலுக்குப் போனது, யார் வீட்டு அஸ்திவாரத்துக்குப் போனது என்று சொல்லமுடியாது. அக்கா சில நாள் டிராக்டர்கள் போன வழியெல்லாம் போய்விட்டு வந்தாள். பிறர் வீட்டு மனைகளின் முன்னால் நின்றாள். நாய் குரைத்தால் திரும்பி வருவாள்.

மாமா படுக்கையில் விழுந்தது அதன்பிறகு. ஒரு பக்கம் கை கால் வரவில்லை, பேச்சு குழறியது. அவருக்கு எல்லாம் பார்த்தவள் அக்காதான். குளிப்பாட்டுவாள், துணி மாற்றுவாள், கஞ்சி ஊட்டுவாள். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஆனால் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன்னால் ஒருமுறை கேட்பாள்.

"எங்கிட்டு வச்சீங்க மாமா?"

மாமா வாயைத் திறப்பார். கஞ்சிக்காகவா பதிலுக்காகவா என்று அக்கா ஒரு கணம் பார்ப்பாள். பிறகு ஊட்டிவிடுவாள்.

அத்தை பொறுக்கமாட்டாமல் ஒருநாள் சண்டைக்கு வந்தார். "சாகக் கெடக்குற மனுசனப் போட்டு இப்புடிக் கேக்குறியே, ஒனக்கு ஈவெரக்கமில்லையா?"

"சாகக் கெடக்குறாகன்னுதான் அயித்த கேக்குறேன்" என்றாள் அக்கா. "இவுகளும் போயிட்டா நான் யாரப் போயிக் கேப்பேன்? சொல்லுங்க, யாரக் கேப்பேன்?"

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்கா இப்போது இல்லை. மார்பில் வந்த கட்டியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். கேட்கவேண்டிய நேரத்தில் டாக்டரிடம் அவள் எதையும் கேட்கவில்லை. மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு பேசாமல் எழுந்து வந்ததை நான் பார்த்தேன். அவளுக்கு இப்போது எங்கள் வீட்டுப் படைப்பில் இலை உண்டு, சேலை உண்டு. குழந்தைக்கு இன்னும் இல்லை. நான் கேட்டுப் பார்க்கிறேன். அவளைப் போல எனக்குக் கேட்க வரவில்லை.

அவள் கடைசியாக இருந்த படைப்பைச் சொல்லவேண்டும். மாமா கொஞ்சம் தேறி, கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். நாற்காலி போட்டு இலைகளுக்கு எதிரில் உட்காரவைத்திருந்தார்கள். சோறு படைத்தாயிற்று. பெரிய மச்சான் அந்த வருஷம் நேரிலேயே வந்திருந்தார். அக்கா வழக்கம்போல மடியிலிருந்து கவுனை எடுத்தாள். அந்த வருஷம் பச்சை. மாமாவுக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கிட்டு வச்சீங்க மாமா?"

மாமா அவள் தலையில் கை வைத்தார். அந்த வீட்டில் அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"தெரியாதுத்தா" என்றார்.

"என்னது மாமா?"

"எனக்குத் தெரியாதுத்தா." பேச்சு குழறியது. ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. "ஐப்பசி மழ. இருட்டிப்போச்சு. குழி வெட்ட வந்தவரு முன்னாடி மம்பட்டியோட போனாரு. நான் புள்ளையத் தூக்கிட்டு... கண்ணு தெரியல. வச்சுட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொன்னாரு. பாக்காம வந்துட்டேன். விடிஞ்சதும் மனசு கேக்கல. நாயி கீயி தோண்டிரும்னு கல்லு வைக்கப் போனேன். கரையெல்லாம் தண்ணி அரிச்சுப் போயிக் கெடக்கு. எல்லாம் ஒண்ணு போல இருக்கு. எந்த மரத்தடின்னு தெரியல. அவரக் கேட்டேன். அவரு ஒரு எடத்தக் காட்டுனாரு, மறுநா வேறெடத்தக் காட்டுனாரு. பெறகு அவரும் போயிட்டாரு."

மாமா தினமும் காலையில் கண்மாய்க் கரையை ஒருமுறை சுற்றி வருவார். தண்ணீர் பார்க்கப் போகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். தண்ணீர் இல்லாத சித்திரையிலும் போவார். அது ஏன் என்று அக்கா கூடக் கேட்டதில்லை.

"நானுந் தேடுனேன்த்தா" என்றார்.

"எனக்குக்கூடச் சொல்லலையேங்க" என்றார் அத்தை.

அக்கா அவர் காலை இன்னும் விடவில்லை. "ஒரு வார்த்த தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல மாமா. இத்தன வருசம்..."

"எப்புடிச் சொல்லுவேன்? ஒம் புள்ளையத் தொலச்சுப்புட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

மாமாவின் வாய் கோணியது. அன்று அழுதுவிட்டார். பெரிய மச்சான் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டார்.

அக்கா எழுந்தாள். படைத்தது போக மீதிச் சோறு இருந்த பாத்திரத்தை இடுப்பில் தூக்கி வைத்தாள். "ஏம்மா, இன்னும் தீபம் காட்டல" என்று பங்காளி மாமா ஒருவர் சொன்னார். அவள் நிற்கவில்லை. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பின்னாலேயே ஓடினேன்.

உச்சி வெயில். ஆடிக் காற்று மண்ணை வாரி அடித்தது. கண்மாய் வறண்டு வெடித்துக் கிடந்தது. மடையிலிருந்து தண்ணீர் வழியும் கலிங்கு வரைக்கும் கரை நீளமாகப் போகிறது. இந்த முனையில் நின்றால் அந்த முனையில் நிற்கிற ஆள் தெரியாது. அக்கா மடைக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு பிடி சோற்றை வைத்தாள். "இந்தா, சாப்புடு" என்றாள். ஓரடி நகர்ந்தாள். இன்னொரு பிடி. "இந்தா, சாப்புடு." இன்னும் ஓரடி. கரையின் மேல் வைத்துவிட்டு, சரிவில் இறங்கி வைப்பாள், பிறகு ஏறி வந்து அடுத்த அடி. காலில் செருப்பில்லை. கருவேல முள் தைத்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடியும் குனிந்தாள். பின்னால் காகங்களும் மைனாக்களும் இறங்கிக்கொண்டிருந்தன. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் சோறு குறைவது தெரிந்தது. பிடி சிறிதாயிற்று. பிறகு விரலால் கிள்ளி வைத்தாள். பிறகு பருக்கை பருக்கையாக.

"அக்கா, போதும்க்கா. எல்லாம் ஒரே கரைதானக்கா. அந்த மண்ணுந்தான் எங்கெங்கயோ போயிருச்சே."

அவள் நிமிர்ந்தாள். வேர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண் மட்டும் காய்ந்திருந்தது.

"வைக்காம விட்ட எடத்துல இருந்துச்சுன்னா?" என்றாள்.

நான் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தேன்.

"அதுக்கு மட்டும் இல்லாமப் போச்சுன்னா தங்கச்சி? போயி இன்னுங் கொஞ்சம் சோறு எடுத்துட்டு வாரியா?"

காலிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு ஓடினேன். மடைக்குப் பக்கத்தில் மாமா கம்போடு உட்கார்ந்திருந்தார். அதுவரைதான் அவரால் வரமுடிந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அடுப்படியில் சோறு இல்லை. நான் பாத்திரத்தோடு விழித்துக்கொண்டு நின்றேன்.

"எதுவரைக்கும் போட்டிருக்கா?" என்று கேட்டார் அத்தை.

"பாதி கூட வரல அயித்த."

அத்தை பாத்திரத்தை வாங்கினார். படைப்பு இலைகளுக்கு முன்னால் போய்க் குனிந்தார். கற்பூரம் காட்டாத இலைகள். மாமாவின் அப்பா இலையிலிருந்த சோற்றை இரண்டு கையாலும் வாரிப் போட்டார். அம்மா இலையிலிருந்து வாரினார். கடைசியில் அந்தத் தங்கை இலைக்கு வந்தார். ஒரு நிமிஷம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அதையும் வழித்துப் போட்டார். பங்காளிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"இவுகளுக்கு அடுத்த வருசம் போட்டுக்கலாம்" என்றார். "ஓடு. உலை வைக்கிறேன். பத்தலைன்னா வா."

நான் திரும்பி வந்தபோது அக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாலு எட்டுத் தள்ளி மரநிழல் இருந்தது. அதற்குப் போகவில்லை. காற்று சேலையை இழுத்தது. வலது கால் பெருவிரலைக் கடைசிப் பருக்கைக்குப் பக்கத்தில் அழுத்தி ஊன்றியிருந்தாள். கொதிக்கிற மண்ணில் அந்தக் கால் நடுங்கியது.

"நெழல்ல நிக்கக் கூடாதாக்கா?"

"நகந்தா எடம் விட்டுப் போயிரும்ல."

பாத்திரத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவள் காலை எடுத்தாள். குனிந்து, அந்தக் கால் இருந்த பள்ளத்தில் முதல் பிடியை வைத்தாள்.